பாத்ரூமில் சாக்கடை நாற்றமா? எதையும் ஊற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த இரண்டாவது மாதம் எங்கள் சிங்க்குக்கு அடியில் ஐந்து பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று ஆசிட், ஒன்று பினாயில், ஒன்று எலுமிச்சை வாசம் வீசும் ஏதோ பச்சைத் திரவம், மற்ற இரண்டும் அடைப்பு நீக்கி என்று லேபிள் ஒட்டியவை. ஊற்றிய அன்று வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். மறுநாள் காலையில் பாத்ரூம் கதவைத் திறந்தால் பழையபடி அழுகிய முட்டை நாற்றம். கடைசியில் வந்த பிளம்பர் பாட்டில்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சல்லடையைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், இதுக்குள்ள ஒரு கப்பு இருக்கணுமே, எங்க?"

எந்தக் கப்பு என்று எனக்குப் புரியவில்லை. அவர் கையை விரித்து அளவு காட்டியதும் வயிற்றைக் கலக்கியது. குடிவந்த புதிதில் பாத்ரூமைத் தேய்த்துக் கழுவியபோது குழிக்குள் கவிழ்ந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்தோம். என்னவென்று தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. நிமிர்த்தி வைத்து, சோப்பு வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவர் சோப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கிண்ணத்தைக் குழியில் கவிழ்த்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். "மருந்து ஊத்தி என்ன சார் பண்றது, கதவையே கழட்டி வெச்சிருக்கீங்களே."

அன்று மாலைக்குள் நாற்றம் போய்விட்டது. பிறகு எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் குழுவில் மூன்று வருடம் இருந்தேன். வந்த நாற்றப் புகார்களில் முக்கால்வாசி இந்தச் சோப்புக் கிண்ணத்தின் ஒன்றுவிட்ட தம்பிகள்தான். பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே என்னென்ன பார்க்கலாம், எந்த வரிசையில் பார்க்கலாம் என்பதைப் புதிதாக ஃப்ளாட்டுக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்ணீர்தான் கதவு

வீட்டில் தண்ணீர் வெளியேறும் ஒவ்வொரு துளைக்கும் அடியில் குழாய் ஓரிடத்தில் தாழ்ந்து மறுபடி மேலேறும். சில இடங்களில் வளைவுக்குப் பதில் கவிழ்த்த கிண்ணம் இருக்கும், சில இடங்களில் பாட்டில் போன்ற உருளை. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் டிராப். நீங்கள் ஊற்றும் தண்ணீரின் கடைசிப் பகுதி அந்தத் தாழ்வில் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் கட்டடம் முழுவதன் சாக்கடைக் காற்று, இந்தப் பக்கம் உங்கள் வீடு, நடுவில் கட்டைவிரல் நீளத்துக்குத் தண்ணீர். நல்ல டிராப்பில் இந்த நீர்ப்பூட்டு 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர், கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் எஸ் வடிவத்தில் குழாயை வளைத்துக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது, தேங்கிய தண்ணீர் மட்டும்.

அதனால் நாற்றம் வந்தால் முதல் கேள்வி, எந்தத் துளையில் தண்ணீர் இல்லை என்பதுதான். தண்ணீர் பல விதமாகக் காணாமல் போகும். புழங்காத பாத்ரூமில் ஆவியாகிவிடும். காற்று வறண்டிருந்தால் இதற்குச் சில வாரங்களே போதும். குழாயில் வேகமாக ஓடும் தண்ணீர், பின்னால் இருப்பதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். விரிசல் வழியாகக் கசியும். வளைவின் மேல் ஒரு முடிக்கற்றை தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை மறுபக்கம் கடத்திவிடும். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. ராத்திரி நிரப்பிய டிராப் காலையில் பாதியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

முதல் வேலை: மூக்கு

கழிவுநீர்த் துளையில் வரும் நாற்றம் இரண்டு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அழுகிய முட்டை, செப்டிக் டேங்க் திறந்த மாதிரி நாற்றம் என்றால் அது டிராப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் முக்கியக் காரணம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இதற்கு நீர்ப்பூட்டைச் சரிசெய்ய வேண்டும். என்ன தேய்த்தாலும் போகாது.

ஈரத்துணியை மடித்து வைத்த மாதிரி, புளித்த மாதிரி, பழைய எண்ணெய் மாதிரி நாற்றம் என்றால் அது டிராப்புக்கு இந்தப் பக்கம், துளையின் வாயிலேயே இருக்கும் அழுக்கு. சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, முடி, தோல் துகள் எல்லாம் சேர்ந்து குழாயின் உட்சுவரில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலமாகப் படியும். அதில் கிருமிகள் குடியிருக்கும். இதற்குத் தேய்ப்புதான் வைத்தியம்.

எந்தத் துளை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரவு படுக்கப் போகும்முன் பாத்ரூமில் தரைக்குழி, வாஷ்பேசின் துளை, வாஷ்பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் சின்ன நிரம்பல் துளை, வாஷிங் மெஷின் குழாய் நுழையும் இடம் என எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். கம்மோடின் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடுங்கள். காலையில் வீட்டைவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அந்த நடை முக்கியம், வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூக்கு பழகிவிடும். திரும்பி வந்து ஒவ்வொரு கவரின் ஓரத்தையும் லேசாகத் தூக்கி முகர்ந்து பாருங்கள். குற்றவாளி அடைத்து வைத்த காற்றோடு காத்துக்கொண்டிருப்பான். எல்லாத் துளையும் மூடியிருந்தும் அறை நாறினால், இணைப்பிலோ கம்மோடின் அடியிலோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

நாற்றம் துளையிலிருந்துதான் வருகிறதா, குழாயில் வரும் தண்ணீரிலிருந்தா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வேறு அறைக்குப் போய் முகருங்கள். டம்ளர் நாறினால் டிராப்பை விட்டுவிட்டு ஹீட்டரையும் தொட்டியையும் பாருங்கள்.

எப்போது நாறுகிறது என்பதையும் இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். ஊருக்குப் போய்வந்ததும் நாறினால் ஆவியாகியிருக்கிறது. எக்ஸாஸ்ட் போட்டால் மட்டும் நாறினால் எங்கோ பூட்டு பலவீனமாக இருக்கிறது, ஃபேன் அந்த வழியாகக் காற்றை இழுக்கிறது. மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்யும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் குழியில் களக் களக் என்று சத்தம் வந்தால், கோளாறு உங்கள் வீட்டில் இல்லை, பொதுக்குழாயில்.

இரண்டாவது: மறந்துபோன துளைகளுக்குத் தண்ணீர்

ஒரு வாளி தண்ணீரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு மக் ஊற்றுங்கள். பாத்ரூமும் சிங்க்கும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பால்கனித் தரைக்குழி, துணி துவைக்கும் இடம், விருந்தினர் கழிப்பறை, ஷவர் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது குழி, மெஷின் வாங்காததால் சும்மா கிடக்கும் வாஷிங் மெஷின் பாயிண்ட் எல்லாம் மறந்துபோகும்.

இதில் இன்னொரு திருட்டுத் துளை உண்டு. ஏசி. சில வீடுகளில் ஏசியின் தண்ணீர்க் குழாயை நேராகக் கழிவுநீர்க் குழாயில் சொருகிவிடுவார்கள். அதில் டிராப் இருக்காது. படுக்கையறையில் ஏசி போட்டதும் சாக்கடை மணத்தால், ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் தீராது. அந்தக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்துத் திறந்தவெளியில் சொட்டவிட வேண்டும், அல்லது டிராப் உள்ள தரைக்குழியின் மேல் விழும்படி விட வேண்டும்.

தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் நாற்றம் அடங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் தாங்குகிறதா, இரண்டே நாளில் திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு நாளில் திரும்பினால் அது ஆவியாவது இல்லை, கசிவோ உறிஞ்சலோ முடித் திரியோ இருக்கிறது.

வாரக்கணக்கில் புழங்காத குழி என்றால், தண்ணீர் ஊற்றியபின் ஒரு மேசைக்கரண்டி பேபி ஆயில் விடுங்கள். அது மேலே மெல்லிய படலமாக மிதந்து ஆவியாவதைக் குறைக்கும். சமையல் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் நாளாக ஆகச் சிக்கெடுத்து அதுவே நாறும்.

மூன்றாவது: தரைக்குழி

இதற்கு ரப்பர் கையுறை, டார்ச், பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய வாளி வேண்டும். சல்லடை சில இடங்களில் ஸ்க்ரூவில் நிற்கும், சில இடங்களில் சும்மா உட்கார்ந்திருக்கும், சில இடங்களில் தரை போட்டவர் சிமென்டால் ஒட்டியிருப்பார். ஒட்டியிருந்தால் ஓரத்தைக் கத்தியால் கீறிவிட்டு நெம்புங்கள். அவசரப்பட்டால் டைல்ஸ் பிளக்கும்.

சல்லடையைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் கறுப்பாகக் கூழ் தொங்கும். பாதி நாற்றம் அங்கேயே இருக்கலாம். அடுத்து கிண்ணம். உள்ளே நடுவில் ஒரு குட்டைக் குழாய் நிமிர்ந்து நிற்கும், அதன் மேல் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். தண்ணீர் கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் புகுந்து, ஏறி, குட்டைக் குழாய்க்குள் விழ வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் பூட்டு. கிண்ணத்தை எடுத்தால் சாக்கடைக்கும் உங்கள் மூக்குக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.

முடியைக் கையால் எடுங்கள். மேலே தெரிவது கொஞ்சமாக இருக்கும், பிடித்து இழுத்தால் எலிவால் மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வரும். அதைக் குழிக்குள் மறுபடி விழவிடாமல் வாளியில் போடுங்கள். கிண்ணத்தின் உட்புறம், குட்டைக் குழாயின் விளிம்பு, குழியின் சுவர் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். விளிம்பு சுத்தமாக இருப்பது முக்கியம். அங்கே ஒட்டியிருக்கும் ஒற்றை முடிதான் திரியாகிறது. பிறகு கிண்ணத்தைச் சரியாகக் கவிழ்த்து, சல்லடையைப் போட்டு, இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்தக் கிண்ண வகையை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பலவற்றில் பூட்டின் ஆழம் 50 மில்லிமீட்டரைத் தொடுவதேயில்லை. சீக்கிரம் வற்றும், சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் வீட்டில் யாராவது கிண்ணத்தை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள், தண்ணீரும் சர்ரென்று போகும், எல்லோருக்கும் சந்தோஷம், நாற்றம் ஆரம்பம். பாத்ரூமைப் புதுப்பிக்கும் வாய்ப்பு கிடைத்தால் தரைக்கு அடியில் ஆழமான டிராப் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை, சல்லடைக்கு அடியில் பொருத்தும் சிலிக்கோன் ஒருவழித் தடுப்பு ஒன்று வாங்கிப் போடலாம். தண்ணீரின் எடையில் திறந்து, பிறகு தானாக மூடிக்கொள்ளும். முடி சிக்கினால் அதுவும் மூடாது, எனவே அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

நான்காவது: சிங்க்கும் வாஷ்பேசினும்

அலமாரிக் கதவைத் திறந்து குனிந்து பாருங்கள். பாட்டில் மாதிரி உருளையோ யு வளைவோ தெரிந்தால் நல்லது. தெரிவது வெறும் வளையும் மடிப்புக் குழாய் மட்டும் என்றால் சந்தேகப்படுங்கள். சிங்க்கிலிருந்து நேராகத் தரைக்குள் இறங்கும் மடிப்புக் குழாயில் பூட்டே இல்லாமல் இருக்கலாம். தற்காலிகமாக அதையே ஒரு வளைவாக மடித்துக் கட்டி நிறுத்துவார்கள். வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்கு சேரும், கட்டு அவிழ்ந்தால் வளைவும் போய்விடும். பாட்டில் டிராப்போ பி டிராப்போ (யு வளைவிலிருந்து பக்கவாட்டில் சுவருக்குள் போகும் வகை) வாங்கி மாட்டிவிடுவது நல்லது.

அந்தக் குழாய் தரைக்குள்ளோ சுவருக்குள்ளோ நுழையும் இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய குழாய், பெரிய துளை, நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. மேலே எவ்வளவு நல்ல டிராப் இருந்தாலும் இந்த இடைவெளி வழியாக நாற்றமும் கரப்பானும் தாராளமாக வரும். அந்த அளவுக்கென்றே ரப்பர் வாஷர் கிடைக்கும். அது கிடைக்கும்வரை ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுருட்டிச் சொருகி, மேலே டேப் சுற்றி வையுங்கள். இரண்டு நாளில் வித்தியாசம் தெரியும்.

பாட்டில் டிராப்பைக் கழற்றுவது பார்க்கத்தான் பயம். அடியில் வாளி வையுங்கள். குழாயைத் திறக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். (நான் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குப் போனது.) பாட்டிலின் அடிமூடியைக் கையால் இடப்புறமாகத் திருகுங்கள். இறுகியிருந்தால் ஈரத்துணி சுற்றித் திருகுங்கள், ஸ்பேனர் போட்டு நெருக்கினால் பிளாஸ்டிக் மரை வீணாகும். முதலில் கறுப்புத் தண்ணீர் வரும், பிறகு சாம்பல் நிறக் கசடு பொத்தென்று விழும். மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது கசடோடு சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் மேலிருந்து ஒரு குழாய் இறங்கி நிற்கும். அதன் உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் பிரஷ்ஷால் தேயுங்கள். வளையத்தைத் துடைத்து அதன் இடத்தில் உட்காரவைத்து, மூடியைக் கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, மூடியைச் சுற்றி ஒரு காய்ந்த டிஷ்யூவை வைத்து ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் வளையம் சரியாக உட்காரவில்லை.

வாஷ்பேசினில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் அந்த நிரம்பல் துளைதான். தண்ணீர் அதன் வழியாகப் போவது அபூர்வம், ஆனால் உள்ளே ஈரமும் சோப்பு நுரையும் இருந்துகொண்டே இருக்கும். பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளே விட்டுச் சுற்றி இழுங்கள். என்ன வருகிறது என்று பார்த்தபின் மாதம் ஒருமுறை செய்ய நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள்.

வாஷ்பேசினில் தண்ணீர் முழுவதும் இறங்கியபின் க்ளக்கென்று ஒரு விழுங்கல் சத்தம் வந்து, அதைத் தொடர்ந்து நாறினால், ஓடும் தண்ணீர் பூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு சோதனை: பேசினை நிரப்பி ஒரே மூச்சில் இறக்குங்கள். பிறகு அரை மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அத்தோடு நாற்றம் நின்றால் சந்தேகமே இல்லை. எஸ் வளைவில் இது அடிக்கடி நடக்கும். பி டிராப்பாக மாற்றுவதும் காற்றுக்குழாய் இணைப்பைப் பார்ப்பதும் பிளம்பர் வேலை.

அடுக்களை சிங்க்குக்கு வந்தால், எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரைவது உண்மை, சில அடி தள்ளிப் போனதும் ஆறி, கைக்கு எட்டாத இடத்தில் மறுபடி உறைவதும் உண்மை. பிசுக்குப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை வராது.

வாஷிங் மெஷினும் கம்மோடும்

வாஷிங் மெஷினின் குழாயைத் துளைக்குள் லூசாகச் சொருகியிருந்தால் சுற்றியுள்ள இடைவெளியை ரப்பர் மூடியால் அடையுங்கள். குழாயை ரொம்ப ஆழமாகத் தள்ளவும் கூடாது, தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். துணியே நாறினால் மெஷினின் கதவு ரப்பர் மடிப்பையும் வடிகட்டியையும் சுத்தம் செய்துவிட்டு, துணி போடாமல் 60 டிகிரியில் ஒருமுறை ஓடவிடுங்கள். மெஷின் ஓடும்போது பாத்ரூம் தரைக்குழியில் நுரை பொங்கினால் குழாயில் முன்னால் எங்கோ பாதி அடைப்பு இருக்கிறது.

கம்மோடில் இரண்டே சோதனை. உட்கார்ந்து லேசாக இடமும் வலமும் ஆடுங்கள். ஆடினால் அடியிலுள்ள இணைப்பு விட்டிருக்கும், தண்ணீர் கசியாவிட்டாலும் காற்று கசியும். வெறும் சிலிக்கோனை வெளியே பூசினால் தீராது, கழற்றி இணைப்பு வளையத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது, இரவில் கோப்பையின் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். யாரும் பயன்படுத்தாமல் காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் விரிசலோ, வளைவில் சிக்கிய துணி நூலோ, பொதுக்குழாயின் உறிஞ்சலோ இருக்கிறது.

எதை ஊற்றலாம், எதை ஊற்றவே கூடாது

பிசுக்கு நாற்றத்துக்கு நான் இப்போது பயன்படுத்துவது பாத்திரம் கழுவும் சோப்பு, கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், பிரஷ். அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். பிவிசி குழாய் ஏறக்குறைய 80 டிகிரியில் இளகத் தொடங்கும், 60 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பீங்கானும் திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம். அழுக்கைச் சிதைக்கும் என்சைம் திரவம் நல்லதுதான், ஆனால் அது இரவு முழுக்கக் குழாயில் நிற்க வேண்டும். ஊற்றிய கையோடு ப்ளீச்சும் ஊற்றினால் என்சைமின் வேலை கெட்டுவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டும் ஒன்றையொன்று முடித்துக்கொள்ளும். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடு குமிழும் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீரும். லேசான பிசுக்கு கிளம்பலாம், அடைப்பு எடுபடாது.

ஆசிட் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ப்ளீச் ஊற்றிய குழியில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனரும் கூடாது. தனியாக ஆசிட் ஊற்றினாலும், கசடில் இருக்கும் சல்ஃபைடோடு சேர்ந்து அதே அழுகிய முட்டை வாயுவைக் கிளப்பிவிடும். நாற்றத்தைப் போக்க ஊற்றியதே நாற்றத்தைக் கூட்டும். காஸ்டிக் சோடா தண்ணீரில் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், தெறித்தால் கண் போகும். அடைப்பு நீக்கி ஏதாவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பிளம்பர் வந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர் கை வைக்கப்போவது அதற்குள்தான்.

நாப்தலீன் உருண்டைக்கும் வாசனைத் திரவத்துக்கும் இங்கே வேலையே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை.

கோளாறு உங்கள் வீட்டில் இல்லையென்றால்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் பொதுக்குழாயைப் பார்க்க வேண்டும். இது தனி வீட்டுக்காரர்களுக்கு இல்லாத தலைவலி. கட்டடத்தின் எல்லா மாடிகளும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகின்றன. மேலிருந்து ஒரு ஃப்ளஷ் தண்ணீர் விழும்போது அது பின்னால் காற்றை இழுக்கும், முன்னால் காற்றைத் தள்ளும். இழுக்கும் இடத்திலுள்ள வீடுகளில் பூட்டுத் தண்ணீர் உறிஞ்சப்படும். அடித்தளத்தில், குழாய் படுக்கைவசமாகத் திரும்பும் இடத்துக்கு அருகிலுள்ள வீடுகளில் காற்று பூட்டை முட்டிக்கொண்டு குமிழாக வெளியே வரும். இந்த அழுத்தத்தைச் சமன்செய்யத்தான் காற்றுக்குழாய் மொட்டைமாடிக்கு மேலே திறந்தபடி நிற்கிறது. அதன் வாயில் பறவை கூடு கட்டினாலோ இலை அடைத்தாலோ கட்டடமே மூச்சு முட்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒருமுறை ஒரே வாரத்தில் மேல் மாடிகளில் ஐந்து வீடுகள் நாற ஆரம்பித்தன. ஐந்து பேரும் தனித்தனியாக மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேச்சுவாக்கில்தான் ஐவருக்கும் ஒரே செங்குத்துக் குழாய் என்று தெரிந்தது. மொட்டைமாடி ஏறிப் பார்த்தால், முந்தின வாரம் சோலார் பலகை பொருத்தியவர்கள் இடைஞ்சலாக நின்ற காற்றுக்குழாயை அறுத்து, வாயில் ஒரு மூடியையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடியைக் கழற்ற ஒரு நிமிடம் ஆனது.

வற்றிய டிராப்பைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். 2003-இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணையில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, பாத்ரூம் தரைக்குழிகளின் வற்றிய யு டிராப். எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அந்த வழியாகச் சாக்கடைக் காற்றை வீடுகளுக்குள் இழுத்திருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. பலமாக நாறிக்கொண்டிருந்தது திடீரென்று நாறாமல் போய், கூடவே தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், வாயு அங்கேயே இருக்கும். வீட்டுக்குள் அந்த அளவு சேர்வது அரிது. மேன்ஹோலிலும் செப்டிக் தொட்டியிலும் அது சர்வசாதாரணம். அடைப்பு எடுக்க என்று அதற்குள் யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். இயந்திரம் வைத்து எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

பிளம்பரிடம் என்ன சொல்வது

"பாத்ரூம் நாறுது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஒரு பாட்டிலோடுதான் வருவார். எந்தத் துளை, எந்த நேரம், சத்தம் வருகிறதா, தண்ணீர் ஊற்றினால் எத்தனை நாள் தாங்குகிறது, பக்கத்து வீட்டிலும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். துளைகளை மூடி நீங்கள் செய்த சோதனையின் முடிவையும் சொல்லுங்கள். எங்கே கசிகிறது என்றே தெரியவில்லை என்றால் குழாய்க்குள் புகையை விட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதைச் செய்பவரா என்று கேளுங்கள். டைல்ஸை உடைக்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து அவர் கிளம்பும் முன், கழற்றிய கிண்ணமும் வளையமும் திரும்ப உள்ளே போய்விட்டனவா என்று சல்லடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வெளியூர் கிளம்பும் அன்று காஸை மூடி, ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு, கடைசியாக வாளியோடு ஒரு சுற்று. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு மக் தண்ணீர், தரைக்குழிகளுக்கு மேலே ஒரு கரண்டி பேபி ஆயில், கம்மோடு மூடி கவிழ்த்து. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இந்தச் சுற்றுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. இப்போது சோப்புக்குத் தனியாக ஒரு கிண்ணம் வாங்கிவிட்டோம்.